ஒரு வாய் பீட்சா

எர்சிலியா சாப்பிட உட்காரும்போது வீட்டு வாசல்கதவைத் திறந்து வைத்துக்கொள்வாள். ஒருக்களித்து அல்ல, விழுந்தால் பாதி உடம்பு வெளியே படிக்கட்டில் கிடக்கும் அளவுக்கு. சாப்பாட்டு மேசையையே அடுக்களையிலிருந்து இழுத்து வந்து வாசலோரம் போட்டிருந்தாள். ஒரு கிண்ணம் சூப், ஒரு கரண்டி, ஒரு தம்ளர் தண்ணீர். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும் முன் மாடிப்படியில் ஆள் நடமாட்டம் உண்டா என்று காதைத் தீட்டிக்கொள்வாள். யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டால் அவசர அவசரமாக இரண்டு வாய் விழுங்குவாள். சத்தம் ஓய்ந்துவிட்டால் கரண்டி கிண்ணத்துக்கே திரும்பிவிடும்.

எதிர்வீட்டுக் கிழவர் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு, "ரொம்பப் புழுக்கமா இருக்காம்மா?" என்று கேட்டார். அது ஜனவரி மாதம். அவர் கழுத்தில் கம்பளி சுற்றியிருந்தார்.

"அடுப்புப் புகைண்ணே" என்றாள் எர்சிலியா.

இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரத்துச் சனிதா பேட்டையில் மாநகராட்சிப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் அவளுக்கு வேலை. இருபது வருஷத்துக்கு மேலாகக் குழந்தைகளுக்கு மத்தியானச் சாப்பாடு ஆக்கிப் போடுகிறாள். புருஷன் அமெதேயோ பழமண்டியில் மூட்டை இறக்கியவன்; போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகள் வடக்கே தூரினில் கல்யாணம் கட்டிக்கொண்டு இருக்கிறாள். ஆக, வீட்டில் எர்சிலியாவும் சுவர்க்கடிகாரமும்தான்.

அவளும் ஒரு காலத்தில் நல்லபடியாகச் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த பொம்பளைதான். எல்லாம் கெட்டது போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அடுக்களை ஜன்னலோரம் நின்றபடியே எருமைப்பால் மொசரெல்லா சீஸ் உருண்டை ஒன்றைக் கையால் பிய்த்து வாயில் போட்டாள். அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன் வந்தது. திரும்பினாள், வந்துட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள், அவ்வளவுதான். துண்டு போய்த் தொண்டையில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

இருமல் வரவில்லை. அதுதான் பயங்கரம். இருமினால்தானே வெளியே வரும்? காற்று உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கண் பிதுங்கியது. வாசலுக்கு ஓடினாள். ராத்திரி இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டிய சாவி கதவிலேயே தொங்கியது. அதைத் திருப்பக் கையில் தெம்பில்லை. விரல் வழுக்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு படியிறங்கிப் போவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. கதவை அறைந்தாளா என்றுகூட நினைவில்லை. கால் மடிந்து விழும்போது நாற்காலியின் முதுகுச்சட்டம் மேல்வயிற்றில் நச்சென்று குத்தியது. வெள்ளையாக ஒரு கட்டி தரையில் போய் விழுந்தது.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றாள் மகள்.

"குளிச்சிட்டு இருந்தேன்டி" என்றாள் எர்சிலியா. குரல் கம்மியதற்கு ஜலதோஷத்தின்மேல் பழியைப் போட்டாள். அன்றைக்கு வாயில் வந்த பொய் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

முதலில் மொசரெல்லாவை விட்டாள். அப்புறம் இறைச்சி. பிறகு ரொட்டி. பாஸ்தாவைப் பொடியாக நறுக்கிப் பார்த்தாள். அதுவும் பயமாக இருந்தது. மென்று மென்று கூழானபின்னும் நாக்கு அதை உள்ளே தள்ள மறுத்தது. விழுங்கப்போகும் நொடியில் நெஞ்சு தடதடக்கும், உள்ளங்கை வேர்க்கும், தொண்டை சாவியில்லாத பூட்டுபோல் இறுகிக்கொள்ளும். கடைசியில் வடிகட்டிய சூப்பும், பாலில் கரைத்த பிஸ்கட்டும்தான் அவள் ஆகாரம் என்று ஆனது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை; ஊக்குப் போட்டுக்கொண்டாள். பிப்ரவரியில், தொண்டைக்கு உரிய சான் பியாஜோ புனிதரின் நாளில், தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத தூரத்துக் கோயிலாகப் பார்த்துப் போனாள். சாமியார் இரண்டு மெழுகுவர்த்தியைக் குறுக்கே பிடித்து அவள் கழுத்தில் வைத்து மந்திரித்தார். வெளியே வந்து தைரியமாக ஒரு பிஸ்கட்டைக் கடித்தாள். கைக்குட்டையில் துப்பினாள்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மாதாவே, சின்னப்பிள்ளைகூடத் தின்கிறதே, உனக்கு என்ன கேடு என்பார்கள். மகளுக்குத் தெரிந்தால் தூரினுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வாள். ஒன்றுமில்லை, வயிற்றில் கொஞ்சம் எரிச்சல் என்று சொல்லிச் சமாளித்தாள்.

ஆனால் பயம் என்பது வாயோடு நிற்பதில்லை. பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் சாப்பிடும் கூடத்தில் யாராவது இருமினால் அவள் கையிலிருந்த அகப்பை நழுவியது. திராட்சையை நாலாக வெட்டினாள். இறைச்சி உருண்டையைப் பட்டாணி அளவுக்குப் பிடித்தாள். இரண்டாம் வகுப்புப் பெண்குழந்தை ஒன்று தட்டைப் பார்த்துவிட்டு, "இது குருவிக்கா?" என்று கேட்டது.

"கேக்குதில்ல, பதில் சொல்லு" என்றாள் தித்தினா.

தித்தினாவும் மஃபால்தாவும் அவளோடு அதே சமையலறையில் வேலை செய்கிறவர்கள். தித்தினா உருவத்திலும் குரலிலும் பெரியவள். அவள் சமையலறையில் பேசினால் தெருவில் போகிறவன் பதில் சொல்வான். மஃபால்தா ஒல்லி, வாய் எப்போதும் ஏதாவது ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். இந்த மூன்று பேரும் ஒருவர் பிரசவத்துக்கு ஒருவர் நின்றவர்கள், ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் அழுதவர்கள். வருஷா வருஷம் பள்ளிச் சமையலறைக்குக் கோடை விடுமுறை விடும் நாளன்று சாயங்காலம் மூவரும் சேர்ந்து தோன் சவேரியோவின் கடையில் பீட்சா சாப்பிடுவார்கள். பேட்டையிலேயே பேர் போன கடை. வெளியூர்க்காரர்களும் வந்து தெருவில் கால்கடுக்க நிற்பார்கள்.

போன வருஷம் எர்சிலியா காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். இந்த வருஷம் என்ன சொல்லலாம் என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவர்கள் இடம் கொடுக்கவில்லை. வெயில் இன்னும் இறங்காத நேரத்திலேயே கீழே தெருவிலிருந்து தித்தினாவின் குரல் வந்தது.

"எர்சிலியா! இறங்கி வர்றியா, நான் ஏறி வரவா? நான் ஏறினா உன் படிக்கட்டு தாங்காது, சொல்லிட்டேன்!"

"எனக்கு வயிறு சரியில்லடி" என்று ஜன்னலில் எட்டிப்பார்த்துச் சொன்னாள்.

"உனக்கு எப்ப சரியா இருந்துச்சு? செருப்பை மாட்டிட்டு வா."

நாலு வீட்டு பால்கனியிலிருந்து தலைகள் எட்டிப்பார்த்தன. இனிமேல் மறுத்தால் பேட்டை முழுக்க விசாரிக்கும். எர்சிலியா இறங்கினாள். கைப்பையில் ஒரு கட்டு காகிதக் கைக்குட்டைகளைத் திணித்துக்கொண்டாள். அதுதான் அவள் போட்டிருந்த திட்டம்.

வழியெல்லாம் தித்தினாதான் பேசினாள். மஃபால்தா எர்சிலியாவின் கையைக் கோத்துக்கொண்டாள், வழக்கத்தைவிட இறுக்கமாக. எர்சிலியாவுக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது. இரண்டு பேரும் தன் முதுகுக்குப் பின்னால் பார்வையைப் பரிமாறிக்கொள்கிறார்களோ?

கடை வாசலில் கூட்டம் ஸ்கூட்டர்களுக்கு வழிவிடாமல் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே இடம் காலியானதும் வாசலில் நிற்கும் ஆள் ஒலிபெருக்கியில் கூப்பிடுவான். தித்தினா போய், வேண்டுமென்றே எர்சிலியாவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

விறகடுப்பிலிருந்து வாசம் வந்தது. வெந்த மாவு, தக்காளி, ஓரத்தில் கருகிய நெடி. ஒரு காலத்தில் அந்த வாசத்துக்கே அவளுக்கு எச்சில் ஊறும். இப்போதும் ஊறியது. பசிக்கும் குறைச்சலில்லை, பசி வேறு, விழுங்குவது வேறு என்பதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட அவள் ஓரடி ஓரடியாகப் பின்னால் நகர்ந்தாள். தன் பெயரை அந்த ஆள் மறந்துவிட வேண்டும், அடுப்பு அணைந்துவிட வேண்டும், மழை கொட்ட வேண்டும் என்று சான் பியாஜோவை வேண்டிக்கொண்டாள்.

"எர்சிலியா! மூணு பேர்! எங்கம்மா எர்சிலியா?"

கோர்ட்டில் டவாலி கூப்பிட்டமாதிரி இருந்தது.

கீழ்த்தளம் நிறைந்திருந்தது. மாடிக்கு அனுப்பினார்கள். குறுகலான படிக்கட்டு, மேலே தாழ்ந்த கூரை, நெருக்கி நெருக்கிப் போட்ட மேசைகள், ஒரே இரைச்சல். இங்கே ஒருத்தி மூச்சுத்திணறிச் செத்தாலும் யார் காதில் விழும்? எர்சிலியா படிக்கட்டுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்ததும் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்து மேசையில் அகலத் தோளோடு ஒரு ஆள் இருந்தான். பரவாயில்லை, இவன் முதுகில் அறைந்தால் எந்தத் துண்டும் வெளியே வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அவன் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்துப் பல் குத்திக்கொண்டிருந்தான். அவன் எழுந்து போய்விட்டால்?

"மூணு மார்கெரீத்தா. அதுக்கு முன்னாடி குரோக்கெ கொண்டா. சூடா இருக்கணும், நேத்து பொரிச்சதை என் தலையில கட்டாதே" என்றாள் தித்தினா, பரிமாறுகிறவனிடம்.

உருளைக்கிழங்கை மசித்து நீளமாக உருட்டிப் பொரித்த குரோக்கெ வந்தது. ஆளுக்கு இரண்டு. எர்சிலியா ஒன்றைக் கையிலெடுத்தாள். வாயருகே கொண்டுபோனாள். மற்ற இருவரும் கீழே பார்த்த நேரத்தில் கை மேசைக்கு அடியில் போனது, கைக்குட்டைக்குள் சுருண்டது, பைக்குள் விழுந்தது. வாயை மட்டும் அசைத்தாள். ஒன்றரை வருஷத்தில் வெறும்வாயை மெல்லுவதில் அவள் கைதேர்ந்துவிட்டாள். இரண்டாவதும் அதே வழியில் போயிற்று. பை மடியில் சுட்டது.

"நல்லா இருக்கில்ல?" என்றாள் மஃபால்தா.

"அருமை" என்றாள் எர்சிலியா. மஃபால்தாவின் கண் ஏனோ கலங்கினமாதிரி இருந்தது.

பீட்சா வந்தது. தட்டுக்கு வெளியே வழியும் அளவு பெரிது, நடுவில் தக்காளியும் சீஸும் குளமாகத் தளும்ப, ஓரம் உப்பிப் புள்ளி புள்ளியாகக் கருகி. இதை எந்தக் கைக்குட்டையில் ஒளிப்பது? எர்சிலியாவுக்கு முதன்முறையாகத் தன் திட்டத்தின் லட்சணம் புரிந்தது. உருகிய மொசரெல்லா நூல் நூலாக இழுபட்டது. கத்தியை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். துண்டாக, துண்டைப் பாதியாக, பாதியைக் கால்வாசியாக. வெட்டிக்கொண்டிருக்கும்வரை தின்ன வேண்டியதில்லை. கத்தி தட்டில் கிடுகிடுவென்று தட்டியது. தித்தினா தன் துண்டை நாலாக மடித்துக் கையில் பிடித்தபடி, கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் தோன் சவேரியோ மாடிக்கு வந்தார். மாவு படிந்த முன்துணியோடு மேசை மேசையாக நின்று நலம் விசாரிப்பது அவர் வழக்கம். எர்சிலியாவின் தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, என் பீட்சா உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுச்சு? இப்படிக் கொத்திப் போட்டிருக்கீங்க?"

பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன.

"இல்லண்ணே, சூடு ஆறட்டும்னு..."

"ஆறின பீட்சாவா? அதை எங்க வீட்டு நாய்கூட மோந்து பாக்காது. மாவு சரியில்லையா? உப்பு கம்மியா? முகத்துக்கு நேரா சொல்லிடுங்க, நான் தாங்கிக்குவேன்."

எர்சிலியாவுக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று பையை வெடுக்கென்று இழுத்தாள். அடியில் எண்ணெய் ஊறி இளகியிருந்த துணிப்பை நாற்காலிக் கைப்பிடியில் மாட்டிக் கவிழ்ந்தது. வீட்டுச்சாவி, ஜெபமாலை, கண்ணாடிக்கூடு, அவற்றோடு கைக்குட்டை பிரிந்து இரண்டு குரோக்கெயும் தரையில் உருண்டன.

தோன் சவேரியோ குனிந்து அதில் ஒன்றை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேசை ஓரத்தில் வைத்தார்.

தித்தினா அழ ஆரம்பித்தாள். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட டாக்டரைத் திட்டினவளே தவிர, தித்தினா அழுது யாரும் பார்த்ததில்லை.

"சொல்லிடு" என்றாள் தித்தினா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எங்களுக்குத் தெரியும். இனிமே மறைக்காத. எங்க இருக்கு? வயித்துலயா?"

"எது எங்க இருக்கு?"

"பேரைச் சொல்ல வைக்காதடி. அந்தக் கெட்ட நோவு."

"எந்த நோவு?"

"பாதி ஆளாப் போயிட்ட!" என்றாள் மஃபால்தா. "பாவாடையில ஊக்கு. சாப்பாடு இறங்கல. நாங்க என்ன குருடா? தித்தினாவோட மச்சினன் ஆஸ்பத்திரில இருக்கார்ல, அவர்கிட்ட சொல்லி வியாழக்கிழமை டாக்டரைப் பாக்க ஏற்பாடு பண்ணியாச்சு. இன்னைக்குச் சாப்பிட்டு முடிச்சதும் பக்குவமா சொல்லலாம்னுதான் கூட்டிட்டு வந்தோம். எவ்வளவு நாள்னு சொல்லியிருக்காங்க?"

எர்சிலியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாதக்கணக்கில் தான் ஒருத்திதான் பயந்து செத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். இந்த இரண்டு பேரும் அவளைப் பார்த்துப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் இருந்த கிலியைக் கண்டதும் இனிப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கு நோவு ஒண்ணும் இல்லடி" என்றாள். "முழுங்க பயமா இருக்கு."

"என்னது?"

"முழுங்க. பயமா இருக்கு."

பிறகு எல்லாம் வந்தது. மொசரெல்லா, போன், திரும்பாத சாவி, திறந்த கதவு. குரல் தேய்ந்து தேய்ந்து போக, மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தோன் சவேரியோ போகாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பல் குத்திக்கொண்டிருந்த ஆளும் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

முடித்தாளோ இல்லையோ, மேசையில் ஓர் அறை விழுந்தது. தம்ளர்கள் குதித்தன. அடித்தது தித்தினா இல்லை; மஃபால்தா.

"அடிப்பாவி! மூணு மாசமா நான் காப்பி குடிக்கலடி!"

"ஏன்?"

"ஏனா? மாதாகிட்ட நேந்துகிட்டேன்! உனக்கு உடம்பு தேறுற வரைக்கும் ஒரு சொட்டு காப்பி தொடமாட்டேன்னு! காலையில எழுந்தா தலை வெடிக்குது. என் மருமக கண்ணு முன்னால காப்பி ஆத்திக் குடிக்கிறா. நான் வெந்நி குடிக்கிறேன், வெந்நி! இவளுக்கு நோவே இல்லையாம்!"

நேப்பிள்ஸில் ஒருத்தி காப்பியை விடுவது என்றால் சாதாரணமா? பக்கத்து மேசையில் யாரோ "மாதாவே" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்கள். தித்தினாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து மூச்சு முட்டியது. அதைப் பார்த்து எர்சிலியா பதறிப்போய் எழுந்து அவள் முதுகில் தட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, விடுடி! உட்காரு" என்றாள் தித்தினா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் தணிந்தது. "இங்க பாரு. நான் இந்தப் பக்கம் இருக்கேன், இவ அந்தப் பக்கம் இருக்கா. பூட்டின கதவு ஒண்ணும் இல்ல. ஒரு வாய். ஒரே ஒரு வாய் சாப்பிடு. இவ பாவம் காப்பி குடிக்கட்டும்."

"என்னால முடியாது."

"நடுவுல இருக்கிறதை எடுத்துக்கங்கம்மா" என்றார் தோன் சவேரியோ மெதுவாக. குத்தலெல்லாம் போய்விட்டிருந்தது. "அங்கதான் வெண்ணெ மாதிரி இருக்கும். சீஸை ஒதுக்கிடுங்க. நான் எதுவும் நினைச்சுக்க மாட்டேன்."

"எல்லாரும் பாக்கிறீங்க. பாத்தா இறங்காது."

"யாரும் பாக்கக் கூடாது!" என்று தித்தினா மாடி முழுக்கக் கேட்கக் கத்தினாள். "திரும்புங்க!"

திரும்பினார்கள். தித்தினா சுவரைப் பார்த்தாள், மஃபால்தா கூரையைப் பார்த்தாள், தோன் சவேரியோ அடுப்புக்காரர் கம்பீரத்தோடு மூவருக்கும் முதுகைக் காட்டி நின்றார். பக்கத்து மேசைக்காரன்கூட ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எர்சிலியா சீஸை முள்கரண்டியால் ஒதுக்கினாள். தக்காளி ஊறிய மெல்லிய நடுப்பகுதியில் நகம் அளவுக்கு ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தாள். புளிப்பு. உப்பு. புகைவாசம். எத்தனை நாளாயிற்று! மென்றாள். மென்றது கூழாகி, கூழ் தண்ணீராகும்வரை மென்றாள். சரி, இப்போது என்று நினைத்தாள். நினைத்த உடனே தொண்டை பூட்டிக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து கண்முன் நின்றது. காது அடைத்தது. கூரை இன்னும் தாழ்ந்து தலையில் இடிப்பதுபோல் இருந்தது. காற்று வேண்டும்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வாயில் இருந்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டில் தடதடவென்று இறங்கினாள். "எர்சிலியா!" என்று பின்னால் தித்தினாவின் குரல் வந்தது. கீழ்த்தளத்தில் தட்டோடு வந்தவனை இடித்துக்கொண்டு, அடுப்பின் அனலைத் தாண்டி, வாசல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தெருவுக்கு வந்து விழுந்தாள்.

வரிசையில் நின்ற ஒரு பொம்பளை அவளைப் பார்த்து மிரண்டு போய், தன் கூட வந்தவனிடம், "அவ்வளவு மோசமாவா இருக்கு? வேற கடைக்குப் போயிடலாமா?" என்றாள்.

எர்சிலியா எதிர்ச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே வீடுகளுக்கு நடுவில் ஒரு கீற்று வானம் வெளிச்சமாக இருந்தது. மூக்கு வழியாகக் காற்று போனது, வந்தது. போனது, வந்தது. தித்தினா மூச்சிரைக்க வந்து இடது பக்கம் நின்றாள். அவளுக்குப் பின்னால் மஃபால்தா. தித்தினா தன் அகலமான உள்ளங்கையை எர்சிலியாவின் முதுகில் வைத்தாள். தட்டவில்லை, தடவவில்லை, சும்மா வைத்தாள்.

வாசலில் நின்றவன் அடுத்த பெயரைக் கூப்பிட்டான். யாரோ "இங்க இருக்கோம்!" என்று கத்தினார்கள். எர்சிலியா கண்ணை இறுக மூடிக்கொண்டு, செத்தாலும் இவர்கள் நடுவில்தானே சாகிறேன் என்று நினைத்து, விழுங்கினாள்.

போய்விட்டது. எங்கேயும் தங்கவில்லை.

அவள் அப்படியே அசையாமல் நின்றாள். இன்னும் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"போச்சா?" என்றாள் மஃபால்தா கிசுகிசுப்பாக.

எர்சிலியா வாயைத் திறந்து காட்டினாள். டாக்டரிடம் காட்டுவதுபோல் நாக்கை நீட்டி. மஃபால்தா உற்றுப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த நிமிஷம் எதிரே இருந்த காப்பிக்கடைக்குள் பாய்ந்துவிட்டாள்.

தோன் சவேரியோ கையில் தட்டோடு வாசலுக்கு வந்தார். கொத்திப்போட்ட பழைய பீட்சா இல்லை. புதிதாக ஒன்று, சின்னதாக, சீஸ் போடாமல், தக்காளியும் எண்ணெயும் மட்டும் தடவினது. "மேல வர வேணாம். இங்கயே நின்னு சாப்பிடுங்க. உங்களை யாரு விரட்டுறா" என்றார். நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டரின் இருக்கையில் தட்டை வைத்தார்கள். எர்சிலியா அன்று ஐந்து வாய் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது, ஒவ்வொரு வாய்க்கும் தித்தினாவின் கை முதுகில் இருந்தது. ஆறாவது வாயை எடுத்தபோது துண்டு நழுவிக் கீழே விழுந்தது. போதும் என்றாள். மற்றதைத் தித்தினா முடித்தாள். மஃபால்தா இரண்டு காப்பியைக் குடித்துவிட்டு, முகமெல்லாம் சிவந்து, யாரும் கேட்காமலே தன் மருமகளின் குணத்தை விவரித்துக்கொண்டே வந்தாள்.

இதோடு எர்சிலியாவின் பயம் பறந்துபோயிற்று என்று சொன்னால் அது கதை. மறுநாள் காலை பாலில் பிஸ்கட்டைக் கரைத்துத்தான் குடித்தாள். ஆனால் வியாழக்கிழமை, மச்சினன் பேசி வைத்த இடத்தை வீணாக்க வேண்டாமே என்று மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் மெல்லிய குழாய் ஒன்றைவிட்டுப் பார்த்தார். அதற்கு அவள் பட்ட பாட்டில் மஃபால்தா வெளியே மயங்கப் பார்த்தாள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு, விழுங்கப் பயிற்சி கொடுக்கும் ஓர் இளம்பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. உங்களைப்போல் நிறையப் பேர் வருகிறார்கள் என்றாள். கோடைகாலம் முழுக்க எர்சிலியா அவளிடம் போய், முகவாயைத் தாழ்த்தி ஒரு கரண்டி தயிர், பிறகு ஒரு கரண்டி சாதம் என்று குழந்தைமாதிரிக் கற்றுக்கொண்டாள். சில வாரம் முன்னேறினாள், சில வாரம் பழையபடி சூப்புக்கே போனாள். மகளிடமும் சொன்னாள். மகள் போனிலேயே அழுதாள், திட்டினாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போனை மேசைமேல் சாய்த்துவைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே அம்மாவும் மகளும் சாப்பிடுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் இறைச்சி உருண்டை மெல்லப் பெரிதானது. திராட்சையை மட்டும் அவள் இன்னும் நாலாகத்தான் வெட்டுகிறாள். அதில் தித்தினாவும் வாய் திறப்பதில்லை.

அடுத்த வருஷம் விடுமுறை விட்ட நாளில் மூவரும் மறுபடி தோன் சவேரியோவின் மாடியில் உட்கார்ந்தார்கள். எர்சிலியா மார்கெரீத்தாதான் கேட்டாள், சீஸோடு. பாதிக்குமேல் சாப்பிட்டிருப்பாள். அப்போது பின்மேசையில் இருந்த ஒரு பெரியவர் லொக்லொக்கென்று இருமினார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். எர்சிலியாதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். போன வேகத்தில் அவர் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அவர் கண்ணாடி கழன்று தட்டில் விழுந்தது.

"என்னம்மா பண்றீங்க? சிரிச்சேன், அவ்வளவுதான்! இவன் ஒரு ஜோக்கு சொன்னான்!"

"இருமினீங்களே?"

"சிரிச்சா இருமல் வராதா?"

எர்சிலியா மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. தித்தினா அவள் பக்கம் தண்ணீரை நகர்த்தினாள். பின்மேசையில் அந்தப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி சாப்பிட ஆரம்பிக்கும்வரை எர்சிலியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு வாய் விழுங்கினார். இன்னொரு வாய் விழுங்கினார்.

"என்ன ஜோக்குன்னு கேட்டுட்டு வந்திருக்கலாம்" என்றாள் மஃபால்தா.

எர்சிலியா தண்ணீரைக் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து முள்கரண்டியை எடுத்தாள்.